ஒரு பெட்டி நின்றால் மறு பெட்டி தாங்குமா? சுவிட்ச் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வீட்டு வைஃபை பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடை, கிடங்கு, பல் மருந்தகம், துணைப்பாட நிலையம் நடத்துகிறவர்களிடமிருந்து. எல்லாருடைய கவலையும் சுவரில் தொங்கும் ஒரு பெட்டியைப் பற்றித்தான், கணினி, கேமரா, தொலைபேசிக் கேபிள்களை எல்லாம் ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: சிங்கப்பூர் உபி வட்டாரத்தில் எங்கள் குடும்பம் மசாலாப் பொருள் மொத்த வியாபாரம் செய்கிறது. மேல்மாடி அலுவலகம், கீழே கிடங்கு. மேலே 18 கணினி, 14 ஐபி தொலைபேசி, 2 வைஃபை பெட்டி, 2 அச்சுப்பொறி, கோப்பு சேமிக்கும் நாஸ் ஒன்று, கேமரா பதிவுப்பெட்டி ஒன்று. கிடங்கில் 10 கேமரா, 2 வைஃபை, 3 கணினி. விலைப்புள்ளி கொடுத்தவர் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு 48 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் வாங்கி இரண்டையும் ஸ்டாக் செய்யச் சொல்கிறார். தேவைதானா?

பதில்: நீங்கள் சாமான்களை எண்ணி எழுதிவிட்டீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்தது. பலர் ஆள் கணக்கு சொல்வார்கள், சுவிட்சுக்கு வேண்டியது கேபிள் கணக்கு. போர்ட் என்பது கேபிள் செருகும் துளை, மேனேஜ்டு என்றால் உள்ளே புகுந்து அமைப்பை மாற்றக்கூடிய சுவிட்ச். மேலே 38 சாமான், நாஸுக்கு இன்னொரு கேபிள், ரௌட்டருக்கு ஒன்று, ஆக 40. கீழே 15. கீழே 48 போர்ட் போட்டால் 33 துளை சும்மா கிடக்கும். அங்கே 24 தாராளம்.

இனி ஸ்டாக். ஸ்டாக் என்றால் இரண்டு மூன்று சுவிட்சுகளைத் தனிக் கேபிளால் இணைத்து ஒரே சுவிட்சாக நடக்க வைப்பது. ஒரே ஐபி முகவரி, ஒரே கட்டமைப்பு (செட்டிங்), ஒன்று தலைமை, மற்றவை உறுப்பினர்கள். தலைமைப் பெட்டி நின்றுபோனால் இன்னொன்று பொறுப்பை எடுத்துக்கொள்ளும். போர்ட் போதவில்லை என்பதற்காக மட்டும் ஸ்டாக் வாங்க வேண்டியதில்லை, அதற்கு இரண்டு சாதாரண சுவிட்சை ஒரு கேபிளில் இணைத்தாலே போதும். ஸ்டாக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வெள்ளி, ஒரு பெட்டி செத்த நாளில் மறுபெட்டி வியாபாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. அது நடக்காத மாதிரி பொருத்தினால் கொடுத்த பணம் வீண்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட அமைப்பு அப்படித்தான் இருக்கிறது. மேல்மாடிப் பெட்டி போனால் மேல்மாடி முழுக்கப் போய்விடும். கிடங்கில் இருக்கும் உறுப்பினர் உயிரோடு இருந்து அலுவலகத்துக்கு என்ன பயன்? அதோடு இரண்டு மாடிக்கும் இடையே ஸ்டாக் கேபிள் இழுப்பதும் எனக்குப் பிடிக்காது. பல மாடல்களில் அது ஓரிரு மீட்டர் நீளமுள்ள தனிக் கேபிள், ஒரே அலமாரிக்குள் மேலும் கீழுமாக வைப்பதற்காகச் செய்தது. ஃபைபர் வழியாக ஸ்டாக் செய்ய விடும் மாடல்களும் உண்டு. ஆனால் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் இடித்து அந்த இணைப்பு அறுந்தால் ஸ்டாக் இரண்டாகப் பிளந்து, இரு பெட்டிகளும் தானே தலைமை என்று எண்ணி ஒரே முகவரியோடு நிற்கும். இதைக் கண்டுபிடித்து ஒன்றை ஒதுக்கி வைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். மேல்மாடி அலமாரியில் இரண்டு 24 போர்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும்) சுவிட்ச், அவை இரண்டும் மட்டும் ஸ்டாக். கிடங்கில் தனியாக ஒரு 24 போர்ட் பிஓஇ, அது ஸ்டாக்கில் சேராது. கிடங்கிலிருந்து இரண்டு ஃபைபர் மேலே போகும், ஒன்று முதல் பெட்டிக்கு, மற்றது இரண்டாம் பெட்டிக்கு. இரண்டையும் எல்ஏசிபி முறையில் ஒரே இணைப்பாகக் கட்ட வேண்டும். நாஸின் இரண்டு கேபிளும் அப்படியே பெட்டிக்கு ஒன்று. வைஃபையும் பெட்டிக்கு ஒன்று. கணக்குப் பிரிவில் ஆறு பேர் என்றால் மூன்று பேர் இதில், மூன்று பேர் அதில். இந்தப் பிரிப்புதான் முழு விஷயமும், ஆனால் பொருத்த வருகிறவர் அவசரத்தில் வரிசையாகச் செருகிக்கொண்டே போய்விடுவார், பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடலாம். தொலைபேசிக்குச் சராசரியாக 6 வாட் என்று வைத்தால் பதினான்குக்கு 84, வைஃபை இரண்டுக்கும் தலா 20 என்றால் 40, ஆக 124 வாட். 24 போர்ட் சுவிட்சுகள் பல 195 வாட், 370 வாட் என்று இரண்டு அளவுகளில் வரும். 195 வாங்கினாலே, ஒரு பெட்டி செத்த அன்று எல்லாத் தொலைபேசிகளையும் மறுபெட்டிக்கு மாற்றினாலும் மின்சாரம் தாங்கும். கிடங்கில் கேமராவுக்கு 10 வாட் என்று தாராளமாகப் போட்டாலும் வைஃபையோடு 140 வாட்தான், 195 போதும்.

“160 கிகாபிட் ஸ்டாக் வேகம்” என்று சொல்லி அடுத்த விலைப்படிக்கு ஏற்றப் பார்ப்பார்கள். உங்கள் 10 கேமராவும், ஒன்றுக்கு 8 மெகாபிட் என்றே வைத்தாலும், சேர்ந்து 80 மெகாபிட்தான் அனுப்பும். ஒரு கிகாபிட் கேபிளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொன்று, எல்ஏசிபியில் இரண்டு கேபிள் கட்டினால் ஒரு கோப்பு இரட்டை வேகத்தில் வந்துவிடாது. ஒரு பரிமாற்றம் ஒரு கேபிளில்தான் போகும், பலர் சேர்ந்து இழுக்கும்போதுதான் இரண்டும் வேலை செய்யும்.

வாங்குமுன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: உண்மையான ஸ்டாக்கா, இல்லை ஒரே திரையில் பல சுவிட்சைப் பார்க்கும் வசதியா? யூனிஃபை, ஒமாடா போன்ற சுவிட்ச் வரிசைகளில் எல்லாச் சுவிட்சையும் ஒரே திரையில் நிர்வகிக்கலாம், நல்ல வசதிதான், ஆனால் அப்படிப் பார்ப்பது மட்டும் ஸ்டாக் ஆகிவிடாது. இரண்டு பெட்டிக்கும் குறுக்கே எல்ஏசிபி கட்ட முடியுமா என்று கேட்டால் பதிலில் தெரிந்துவிடும். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே வித்தியாசம் உண்டு: அரூபா இன்ஸ்டன்ட் ஆன் வரிசையில் 1960 ஸ்டாக் ஆகும், 1930 ஆகாது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9200 எட்டு பெட்டி வரை ஸ்டாக் ஆகும், ஆனால் அதற்கான பாகத்தைத் தனியாக வாங்க வேண்டும், விலைப்புள்ளியில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். பொதுவாக ஒரே வரிசை மாடல்கள்தான் ஒன்றோடொன்று சேரும். சில மாடல்களில் ஸ்டாக் கேபிளுக்கென்று தனித் துளை இருக்காது, முகப்பில் ஃபைபர் செருக உள்ள நான்கு எஸ்எஃப்பி பிளஸ் துளைகளில் இரண்டை அதற்கே கொடுத்துவிட வேண்டும். உங்களுக்கு மீதி இரண்டு போதும். விலை 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தும் நாளில் ஸ்டாக் கேபிள் இரண்டு போடச் சொல்லுங்கள், வளையம் மாதிரி. ஒன்று மட்டும் போட்டால் அது கழன்றதும் ஸ்டாக் பிளந்துவிடும். இரண்டு பெட்டியிலும் ஃபர்ம்வேர் (சுவிட்சுக்குள் ஓடும் மென்பொருள்) ஒரே பதிப்பாக இருக்கட்டும். எது தலைமை என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் எண் கொடுத்து நிர்ணயித்து, பெட்டியின் நெற்றியில் 1, 2 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். பிற்பாடு ஒன்றைக் கழற்ற வருகிறவருக்கு அந்த ஸ்டிக்கர்தான் கண். எல்லாம் முடிந்ததும், அவர் கிளம்புமுன், உங்கள் கையாலேயே 1ஆம் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். பாதித் தொலைபேசி இருண்டு போகும், சரி. மீதிப் பாதி பேசுகிறதா, நாஸ் திறக்கிறதா, கிடங்குக் கேமரா தெரிகிறதா? தெரிந்தால்தான் பணம். இதில் ரௌட்டர் எந்தப் பெட்டியில் செருகியிருக்கிறது என்பதும் வெளிவந்துவிடும். ரௌட்டர் ஒன்றுதான் என்றால் இணையத்துக்கு மாற்று வழி இல்லை என்பதையும், மறுபெட்டிக்கு அந்தக் கேபிளைக் கையால் மாற்றத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டாக்குக்கும் எல்லை உண்டு. ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது பெரும்பாலான மாடல்களில் எல்லாப் பெட்டியும் சேர்ந்தே மறுதொடக்கம் ஆகும், அதனால் ஞாயிறு இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டமைப்பில் தவறு செய்தால் அதுவும் இரண்டுக்கும் சேர்ந்தே.

அப்புறம், சேமிப்பு. பல சுவிட்சுகளில் நாம் மாற்றுவது உடனே வேலை செய்யும், ஆனால் சேமித்தால்தான் நிலைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் மின்தடை வந்து ஐந்து நிமிடத்தில் திரும்பியது. கணினிகள் எல்லாம் எழுந்தன, நெட்வொர்க் மட்டும் எழவில்லை. சுவிட்சுக்குள் போய்ப் பார்த்தால் வாங்கிய நாளில் இருந்த மாதிரி வெறுமை. பொருத்தியவர் எட்டு மாதத்துக்கு முன் எல்லாம் செய்துவிட்டுச் சேமிக்காமல் போயிருக்கிறார். அன்று 30 பேர் மாலை நான்கு மணி வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேமித்த கட்டமைப்புக் கோப்பின் ஒரு நகலை உங்கள் கணினியில் வாங்கி வைக்காமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: உட்லண்ட்ஸில் சிறிய துணைப்பாட நிலையம் வைத்திருக்கிறேன். ஆசிரியர்களுக்கு 6 மடிக்கணினி, ஒரு அச்சுப்பொறி, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வைஃபை. 40 வெள்ளி சுவிட்ச் போதாதா? மேனேஜ்டு எதற்கு?

பதில்: ஏழு சாமானை இணைக்க மட்டும் என்றால் போதும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது “பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்” என்ற இடம். மாணவர் பெயர், மதிப்பெண், பெற்றோர் தொலைபேசி எண் எல்லாம் இருக்கும் கணினியும், ஒரு மாணவன் கொண்டுவரும் கைத்தொலைபேசியும் இப்போது ஒரே வலையில் இருக்கின்றன. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அந்தத் தகவலுக்கு நியாயமான பாதுகாப்பு செய்யும் பொறுப்பை உங்கள் மேல் வைக்கிறது, நிலையம் சிறியது என்பதால் அது விலகிவிடாது.

மேனேஜ்டு சுவிட்ச் தருவது வீலேன். ஒரே பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்புவது மாதிரி. ஆசிரியர்களுக்கு 10, விருந்தினருக்கு 20, கேமரா வந்தால் 30 என்று எண் கொடுங்கள். 1 முதல் 4094 வரை எண் உண்டு, பழக்கப்படி எல்லாச் சாமானும் 1இல் கிடக்கும், அதிலேயே விட்டுவைக்க வேண்டாம். ஆனால் சுவிட்சில் சுவர் எழுப்பினால் மட்டும் போதாது, ரௌட்டரும் அந்த எண்களை அறிந்திருக்க வேண்டும், 20இலிருந்து 10க்குப் போகும் கதவை அங்கே மூட வேண்டும். பல இடங்களில் வீலேன் அழகாகப் பிரித்திருப்பார்கள், ரௌட்டர் இரு பக்கத்துக்கும் வழி திறந்து வைத்திருக்கும். விருந்தினர் வைஃபையில் சேர்ந்துகொண்டு அச்சுப்பொறியின் முகவரியைத் திறந்து பாருங்கள், திறந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

உங்களுக்கு ‘ஸ்மார்ட்’ என்று விற்கும் இடைநிலை 8 போர்ட் சுவிட்சே போதும், அதில் வீலேன் உண்டு. ஸ்டாக் பேச்சுக்கே இடமில்லை. வாங்கியதும் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கேள்வி: தோ பாயோவில் பல் மருந்தகம். இரண்டு மாதத்தில் மூன்று முறை, திங்கள் காலை கதவைத் திறந்தால் ஒரு கணினியும் வேலை செய்யவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டாலும் ஒரு நிமிடம்தான். பழுது பார்க்க வந்தவர் புதுச் சுவிட்ச் வாங்கச் சொல்கிறார்.

பதில்: வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை நடக்கும்போது சுவிட்சின் விளக்குகளைப் பாருங்கள். சாதாரண நாளில் ஒவ்வொன்றும் தன் போக்கில், ஒன்று வேகமாக, ஒன்று சோம்பலாகச் சிமிட்டும். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில், ஒன்றாக, வெறி பிடித்த மாதிரி சிமிட்டினால் உங்கள் வலையில் வளையம் விழுந்திருக்கிறது.

வார இறுதியில் தரை துடைக்கிறவர் மேசைக்கடியில் தொங்கும் கேபிளைப் பார்க்கிறார். கழன்று கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தில் சுவரில் காலியாக இருக்கும் துளையில் செருகுகிறார். அதன் மறுமுனையும் சுவரில்தான் இருக்கிறது. நான் கண்ட ஒரு மருந்தகத்தில் வரவேற்பு மேசைக்குக் கீழே, குப்பைக்கூடைக்குப் பின்னால், ஒரு முழ நீல கேபிள் இரண்டு முனையும் அடுத்தடுத்த துளைகளில் செருகி, தூசி படாமல் புதிதாக இருந்தது. அதைப் பிடுங்கியதும் பத்து நொடியில் எல்லாம் சரியானது. எல்லாருக்கும் என்று ஒரு கணினி அனுப்பும் செய்தி வளையத்துக்குள் மாட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும், ஈத்தர்நெட் சட்டகத்தில் (கேபிளில் போகும் தகவல் பொட்டலத்தில்) ‘இத்தனை முறை சுற்றினால் செத்துப்போ’ என்ற கணக்கு இல்லை. அணைத்துப் போட்டதும் ஒரு நிமிடம் வேலை செய்து மறுபடி மூழ்குவது இதனால்தான். அந்தத் துப்புரவு ஊழியரைத் திட்டாதீர்கள், அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

இதற்கான தீர்வு ரொம்பப் பழையது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ. சுவிட்சுகள் தங்களுக்குள் சிறு செய்தி அனுப்பி, வளையம் இருந்தால் ஒரு வழியைத் தாமாகவே அடைத்துவிடும். மேனேஜ்டு சுவிட்சில் இது கட்டாயம் இருக்கும், 40 வெள்ளிப் பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. உங்கள் சுவிட்ச் இந்த வசதி இல்லாத பெட்டி என்றால் பழுது பார்க்க வந்தவர் சொன்னதில் பாதி உண்மை: பெட்டி கெடவில்லை, ஆனால் மாற்றினால் நல்லது. புதியதில் ஸ்பேனிங் ட்ரீயின் வேகமான வடிவமான ஆர்எஸ்டிபியை இயக்கி, கணினிகள் செருகும் போர்ட்டுகளில் பிபிடியு கார்ட் (BPDU guard, அந்தச் சிறு செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) போடச் சொல்லுங்கள். வளையம் விழுந்தால் அந்தப் போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும், மற்ற நாற்காலிகளில் வேலை நடக்கும். இன்னொரு சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் அதைப் போடக் கூடாது, போட்டால் அந்த இணைப்பே மூடிவிடும். மேசைக்கடியில் யாராவது ஐந்து போர்ட் குட்டிப் பெட்டி ஒளித்து வைத்திருந்தால் அதற்குள்ளே விழும் வளையத்தைக் கண்டுபிடிக்க லூப் டிடெக்ஷன் வசதியையும் சேர்த்து இயக்குங்கள்.

கேள்வி: யீஷூனில் மினிமார்ட். 8 போர்ட் பிஓஇ சுவிட்சில் 8 கேமரா. பகலில் எல்லாம் நன்றாகத் தெரிகிறது, இருட்டியதும் இரண்டு கேமரா அணைந்து அணைந்து வருகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

பதில்: கேமரா நன்றாகத்தான் இருக்கும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிகிறது, கூடவே வாட் ஏறுகிறது. எட்டு கேமராவும் பகலில் தலா 5 வாட் என்றால் 40, இரவில் தலா 9 ஆனால் 72. உங்கள் சுவிட்ச் மொத்தமாகக் கொடுக்கக்கூடியது 60 வாட் என்றால் கடைசி இரண்டுக்கு மின்சாரம் இல்லை. “ஒரு போர்ட்டுக்கு 30 வாட்” என்று அட்டைப்பெட்டியில் இருக்கும், அது ஒரு போர்ட்டின் உச்சம். மொத்தக் கணக்கு விவரத்தாளில் ‘பிஓஇ பட்ஜெட்’ என்ற வரியில் இருக்கிறது. 2003இல் வந்த 802.3ஏஎஃப் (802.3af) என்ற பிஓஇ தரத்தில் சுவிட்ச் 15.4 வாட் கொடுத்தால் கேபிளில் இழந்தது போகச் சாமானுக்கு 12.95 வாட் உறுதி, 2009இன் 802.3ஏடி (802.3at) தரத்தில் 30க்கு 25.5. கேமராவின் உச்ச வாட்டைக் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து வாங்குங்கள். அதுவரை மேனேஜ்டு சுவிட்ச் என்றால் கல்லாப்பெட்டி மேல் இருக்கும் கேமராவின் போர்ட்டுக்கு முன்னுரிமை கொடுத்து வையுங்கள், அணைய வேண்டியது வேறொன்றாக இருக்கட்டும். கூரைக்கடியில் மூடிய பெட்டியில் வைத்திருந்தால் அதையும் இறக்குங்கள். சிறிய சுவிட்சுகள் பல 40 டிகிரி வரைக்குத்தான் செய்தவை, நம் ஊர்ப் பிற்பகலில் காற்றில்லாத பெட்டிக்குள் அது சீக்கிரம் எட்டிவிடும்.

கேள்வி: பெரிய நிறுவனம் கழித்துவிட்ட 48 போர்ட் ஸ்டாக் சுவிட்ச் இரண்டு, பத்து வருடப் பழசு, 150 வெள்ளிக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: படித்துப் பழக என்றால் தாராளமாக எடுங்கள், அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கடைக்கு வேண்டாம். பத்து வருடப் பழசுக்குப் பெரும்பாலும் தயாரிப்பாளரின் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயிருக்கும், அது எந்தத் தேதியில் நின்றது என்று மாடல் எண்ணை வைத்து அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். விசிறிச் சத்தம் குளிர்பதனப் பெட்டியைவிடக் கூடுதல், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார முடியாது. இன்னொன்று, கழித்துவிடும்போது ஸ்டாக் கேபிளையும் அதன் பாகத்தையும் யாரும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதில்லை. எடுப்பதென்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.